எந்தக் கன்று எந்த மாட்டுக்குப் பிறந்தது? பண்ணையில் அடையாளம் தவறாமலிருக்க

கேள்வி: எச்.எஃப்., ஜெர்சி கலப்பினக் கறவை மாடுகள் 18, கிடாரிகளும் கன்றுகளுமாக 11 வைத்திருக்கிறோம். சில மாடுகளின் காது வில்லை அறுந்துவிட்டது. எது எதன் கன்று என்பது பண்ணையாளுக்கு மட்டுமே தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பருவத்துக்கு வந்திருக்கும் இரண்டு கிடாரிகளுக்குச் சினை ஊசி போடலாமா? இனி குழப்பம் வராமலிருக்க என்ன செய்வது?

பதில்: கிடாரிகளுக்கு ஊசி போடலாம். தாய் தெரியாததைவிடத் தகப்பன் தெரியாததுதான் இங்கே சிக்கல். உங்கள் பண்ணையில் இதுவரை பயன்படுத்திய காளையின் விந்தே மறுபடி வந்தால் மகளுக்குத் தகப்பனையே சேர்த்ததாகிவிடும். உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சாகியிருக்கும். இங்கே ஒருமுறைகூடப் போடாத எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

போடும் முன் எடையைப் பாருங்கள். கலப்பினக் கிடாரிக்கு 250 கிலோவாவது வேண்டும். தராசு இல்லாவிட்டால் அங்குல டேப் போதும். முன்னங்காலை ஒட்டி மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டையும் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 57, நீளம் 52 என்றால் ஏறக்குறைய 256 கிலோ.

பழைய விவரத்தில் ஒரு பகுதியை மீட்க முடியும். உங்கள் மாடுகளுக்கு யார் சினை ஊசி போட்டார்களோ அவர்களிடமும், கால்நடை மருந்தகப் பதிவேட்டிலும் தேதியும் குச்சி எண்ணும் இருக்கக்கூடும். அரசு போடும் 12 இலக்க எண் வில்லை இன்னும் காதில் இருக்கும் மாடுகளுக்கு அந்த எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லலாம். ஊசித் தேதியோடு 9 மாதமும் ஒரு வாரமும் கூட்டினால் ஈன்ற தேதி ஏறக்குறைய வந்துவிடும். கன்றின் வயதோடு ஒப்பிட்டுப் பொருத்துங்கள். ஒரே வாரத்தில் ஈன்ற இரண்டு மாடுகளை இந்தக் கணக்கால் பிரிக்க முடியாது. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கலப்பினத்தில் கறுப்புத் தாய்க்குப் பழுப்புக் கன்று பிறப்பதும் உண்டு. வால்முடியின் வேரிலிருந்து மரபணுச் சோதனை செய்து தாயை உறுதிப்படுத்தலாம். ஆனால் இனவிருத்திக்கென்று விற்கிற கிடாரியாக இருந்தால் ஒழிய, அந்தச் செலவு தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

அடுத்தது எண். அரசு வில்லை தடுப்பூசிக்கும் காப்பீட்டுக்கும் அவசியம். ஆனால் பால் கறக்கும்போது பத்தடி தள்ளி நின்று 12 இலக்கத்தைப் படிக்க முடியாது. அதனால் மறு காதில் பெரிய எழுத்தில் பண்ணை எண் ஒன்று போடுங்கள். பிறந்த ஆண்டும் வரிசையும் சேர்ந்தால் போதும்: 2025இல் பிறந்த மூன்றாவது கன்று 2503. தாய் எண், இனம், நிறம் என்று எல்லாவற்றையும் எண்ணுக்குள் திணிக்காதீர்கள். அவையெல்லாம் பதிவேட்டில் இருக்கட்டும். விற்ற மாட்டின் எண்ணை வேறு மாட்டுக்குத் திரும்பக் கொடுக்கவும் கூடாது.

வில்லை அறுவதற்குப் பெரும்பாலும் அடித்த இடம்தான் காரணம். காதைத் தடவிப் பாருங்கள். அடியிலிருந்து நுனி நோக்கிக் குருத்தெலும்பு மேடுகள் ஓடும். இரண்டு மேடுகளுக்கு நடுவே, காதின் மையத்திலிருந்து சற்றுத் தலைப்பக்கமாக அடிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே காதைப் பிடித்தால் ரத்தக்குழாய் தெரியும், அதை விட்டுவிடுங்கள். விளிம்புக்கு அருகே அடித்த வில்லை கம்பிவலையிலோ தீவனத் தொட்டிக் கம்பியிலோ மாட்டினால் காதைக் கிழித்துக்கொண்டுதான் வரும். தலையை இறுக்கிக் கட்டி, கருவியை ஒரே அழுத்தாக அழுத்தி உடனே விடுங்கள். பாதி அழுத்தித் தயங்கினால் முள் வளைந்துவிடும். அடித்தபின் வில்லை தடையில்லாமல் சுழல வேண்டும். காதோடு ஒட்டி இறுகியிருந்தால் காது வளரும்போது புண்ணாகும். ஒரு மாட்டுக்கு அடித்த முள்முனையைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்காமல் அடுத்த மாட்டுக்குப் போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைத்துவிடும். எப்போது அடித்தாலும் துளையில் போவிடோன் அயோடின் தடவி, சுற்றிலும் வேப்பெண்ணெய் பூசுங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் காதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வீக்கம், நாற்றம், ஓயாமல் தலையாட்டுவது இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கன்று மாறிப்போவது பெரும்பாலும் பிறந்த அன்றே. ஈன்றதும் கன்றைத் தனியாகப் பிரித்துக் கட்டும் பண்ணைகளில், எழுதாமல் விட்ட ஒரு நாளே போதும். தொப்புளை அயோடினில் நனைத்து, சீம்பால் கொடுத்த கையோடு தாயின் எண் எழுதிய கழுத்துப் பட்டையைக் கட்டிவிடுங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். வாரம் ஒருமுறை தளர்த்துங்கள், மறந்தால் கழுத்தில் பதிந்துவிடும். பெரிய வில்லையின் கனத்தை இளங்காது தாங்காது. ஒரு மாதம் கழித்துச் சிறிய வில்லை போட்டால் போதும்.

கன்றுப் பதிவேட்டில் எண், பிறந்த தேதி, தாய் எண், காளை எண், கிடாரியா காளையா, எடை, குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள். கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒருமுறை போடும் புரூசெல்லா (கருச்சிதைவு நோய்) தடுப்பூசிக்கும் ஒரு கட்டம் வேண்டும். இரட்டைக் கன்றானால் தவறாமல் எழுதுங்கள். காளைக் கன்றோடு கூடப் பிறந்த கிடாரி பத்தில் ஒன்பது மலடாகத்தான் இருக்கும். குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு வருடத் தீவனம் வீண்.

கறவை மாட்டுக்குக் கொட்டில் சுவரில் ஒரு கரும்பலகை போதும்; செயலியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாட்டு எண், ஈன்ற தேதி, ஊசித் தேதி, காளை எண். ஊசி போட்டதிலிருந்து 21ஆம் நாளைப் பக்கத்திலேயே எழுதி, 18 முதல் 24 நாள் வரை காலை மாலை பருவத்துக்கு அறிகுறியாக அறையிலிருந்து கண்ணாடி போன்ற வழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். திரும்பவும் பருவத்துக்கு வராவிட்டால் மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை. சினை உறுதியானால், ஊசித் தேதியோடு 7 மாதமும் ஒரு வாரமும் கூட்டிவரும் நாளில் கறவையை வற்றவிட வேண்டும். காலி விந்துக் குச்சியைத் தூக்கி எறியாமல், பதிவேட்டில் அந்த மாட்டுக்கு ஒதுக்கிய பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவையுங்கள். கையெழுத்து புரியாமல் போகலாம், அச்சான எண் மாறாது.

வில்லை அறுந்தவற்றில் காப்பீடு செய்த மாடு இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். காதில் வில்லை இல்லாமல் மாடு இறந்தால் இழப்பீடு கிடைக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவித்து, மருத்துவரைக் கொண்டு புது வில்லை போட்டு, புதிய எண்ணைப் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். கூடவே இரண்டு பக்கமும் முகமும் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எச்.எஃப். மாட்டின் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஆயுளுக்கும் மாறாது. ஒரே பழுப்பாக இருக்கும் ஜெர்சிக்குப் படம் அவ்வளவாக உதவாது. அதற்கு மூக்கைத் துடைத்து, மை தடவி, வெள்ளைத்தாளில் ஒற்றியெடுத்த மூக்குரேகையே அடையாளம்.