பழைய ஸ்போர்ட்ஸ் கார் முதலீடு: மூன்றில் எதை வாங்குவது?

கேள்வி: ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் போட்டு, பத்து ஆண்டுகள் கழித்து விற்கலாம் என்று நினைக்கிறேன். மூன்று வண்டிகள் பார்வையில் உள்ளன. முதலாவது, முழுமையாகப் புதுப்பிக்க வேண்டிய நிலையில் மலிவாகக் கிடைக்கும் 1969ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப் 2+2. அதன் இன்ஜின் மாற்றப்பட்டது. இரண்டாவது, புதிய பாடி பொருத்திய 1972ஆம் ஆண்டு எம்ஜிபி. மூன்றாவது, சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் உள்ள 1987ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேரா. எதன் விலை அதிகம் உயரும்?

பதில்: இந்த மூன்றில் ஒன்றைத்தான் வாங்குவதென்றால் போர்ஷேயை வாங்குங்கள். அதன் விலைதான் வேகமாக உயரும் என்று என்னால் உறுதி கூற முடியாது, யாராலும் முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து அதை வாங்க வருபவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு இன்றே விடை வைத்திருக்கும் வண்டி அது ஒன்றுதான் என்பதே காரணம்.

ஈ-டைப் உங்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. 1961இல் ஜெனீவாவில் அறிமுகமானது முதல் அழகுக்குப் பெயர் பெற்ற கார் அது. ஆனால் சந்தை எல்லா ஈ-டைப்புகளையும் ஒன்றாக மதிப்பதில்லை. தொடக்ககால வண்டிகளும், அவற்றிலும் ரோட்ஸ்டர் எனப்படும் திறந்த கூரை வண்டிகளுமே உச்ச விலை பெறுகின்றன. பின் இருக்கைகளுக்காக நீளமும் உயரமும் கூட்டி 1966இல் வெளிவந்த 2+2 பொதுவாக அவற்றுக்குக் கீழேயே நிற்கிறது. புதுப்பிக்கும் செலவு மட்டும் அப்படிக் குறைவதில்லை. தரைத் தகடு, கதவுக்குக் கீழுள்ள பக்கப் பெட்டிகள், இன்ஜினைத் தாங்கும் முன்பக்கக் குழாய்ச் சட்டம் ஆகியவற்றில் உள்ளுக்குள் பரவிய துருவை அகற்றித் தகடு மாற்றும் உழைப்பு விலையுயர்ந்த ரோட்ஸ்டருக்கும் இந்த 2+2வுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வாங்கிய விலையையும் செலவையும் கூட்டினால், நன்றாகப் புதுப்பித்து முடித்த வேறொரு 2+2வின் விலையை அது எளிதில் தாண்டிவிடும். அதற்குப் பிறகும் இன்ஜின் எண் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்தாது. அந்தக் குறையைப் பணத்தால் தீர்க்க முடியாது.

எம்ஜிபி நான் மனமாரப் பாராட்டும் வண்டி. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டதால், முழு பாடி உட்பட ஏறத்தாழ எல்லா உதிரிபாகங்களும் புதிதாகவே கிடைக்கின்றன. ஓட்டி மகிழ்வதற்கு அதைவிடத் தொல்லை குறைந்த பழைய கார் அரிது. ஆனால் அத்தனை வண்டிகள் இருப்பதாலேயே அதன் விலை பாய்ந்து ஏறுவதில்லை.

போர்ஷேயும் அரிய வண்டியன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன் பலம் வேறு இடத்தில் உள்ளது. துத்தநாகம் பூசிய தகட்டால் ஆன பாடி துருவை நன்கு தாங்கும். 1987இல் வந்த ஜி50 கியர்பாக்ஸை ஓட்டுநர்கள் முந்தையதைவிட விரும்புகிறார்கள். காற்றால் குளிர்விக்கப்படும் இன்ஜினுடன் 911 தயாராவது 1998இல் முடிந்துவிட்டதால் அந்த வகைக்கென்றே தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். இவற்றைவிட முக்கியமானவை உங்களுக்குக் காட்டப்பட்ட ரசீதுகள். 1973ஆம் ஆண்டு கரேரா ஆர்எஸ் 2.7 என்ற 911 வகை மொத்தம் 1,580தான் தயாரானது. அதைப் போலத் தோன்றும்படி மாற்றப்பட்ட சாதாரண 911களோ ஏராளம். தோற்றத்தை யாரும் உருவாக்கிவிடலாம் என்பதால்தான் இந்தச் சந்தையில் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் நீங்களே வண்டியில் படித்து ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்ற செய்தியை நீங்கள் படித்திருக்கக்கூடும். தயாரானதே இரண்டு என்ற நிலையில் உள்ள காரின் விலை, தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவந்த கார்களைப் பற்றி எதையும் சொல்லாது. 1988இல் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்தபின் ஃபெராரி கார்களின் விலை வெறிகொண்டு ஏறியதும், 1990களின் தொடக்கத்தில் அது சரிந்து, உச்சத்தில் வாங்கியவர்கள் பல ஆண்டுகள் நட்டத்தோடு காத்திருந்ததும் உங்கள் நிலைக்கு நெருக்கமான பாடம். காப்பீடு, ஈரமில்லாத நிறுத்துமிடம், பராமரிப்பு ஆகியவை ஆண்டுதோறும் பணம் கேட்கும். கார் வட்டியும் தராது, வாடகையும் தராது. மருத்துவத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ தேவைப்படக்கூடிய தொகையை இதில் போடாதீர்கள்.

ஓட்டாமல் பூட்டி வைத்தால் மதிப்பு காக்கப்படும் என்று எண்ணுவதும் தவறு. ரப்பர் சீல்கள் காயும், பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சும், பெட்ரோல் கெடும். ஆயில் நன்கு சூடேறும் அளவுக்கு அவ்வப்போது ஓட்டுங்கள்.

பணம் கொடுக்குமுன், விற்பவரோடு தொடர்பில்லாத, ஏர்கூல்டு போர்ஷேக்களில் பழகிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வரும்வரை இன்ஜினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது புகை வருவது இந்த இன்ஜினுக்கு இயல்புதான். சூடான பிறகும் நீலப்புகை நிற்கவில்லையென்றால் வால்வுகளை நேராக நகரச் செய்யும் சிறு குழாய்களான வால்வு கைடுகள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டும். அந்தச் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கி, விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் வேறொரு 911 வரும்வரை காத்திருங்கள்.