மூச்சு கேட்கும் இடம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்கு அருகே ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். உங்கள் எழுத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சென்ற வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. உனக்கு யாரைப் பிடிக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஒருவர் இளையராஜா என்றார். ஒருவர் ரஹ்மான் என்றார். எங்கள் மேலதிகாரி மதுரை மணி ஐயர் என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். என் முறை வந்தபோது நாகூர் ஹனிபா, எஸ். ஜானகி, காருகுறிச்சி அருணாசலம், இப்போது புதிதாகக் கேட்க ஆரம்பித்திருக்கும் நுஸ்ரத் ஃபதே அலி கான் என்று அடுக்கினேன். "எல்லாம் பிடிக்கும் என்றால் எதுவும் பிடிக்கவில்லை என்று அர்த்தம்" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் இரவு வரை கூடவே வந்தது.

எனக்கு ராகம் தெரியாது, முறையாகச் சங்கீதம் படித்ததும் இல்லை. எனக்கு இருப்பது ரசனைதானா, இல்லை காதில் விழுவதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் பழக்கமா? உங்களுக்குப் பிடித்த கலைஞர்கள் யார் யார்? ஒரு பட்டியல் தந்தால் அதன்படி கேட்டுப் பழகுவேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

* * *

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அதிகாரி சொன்னது தவறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதிய நான்கு பெயர்களையும் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். அவற்றில் இரண்டு பேர் ஒரே பாட்டில் சந்தித்தவர்கள். 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தின் "சிங்கார வேலனே தேவா" பாட்டில் ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாதஸ்வரமும் ஆபேரி ராகத்தில் ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டுப் போகின்றன. ஹனிபா கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் சேர்த்துப் பாடியவர். பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் ஒரு வரியை உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சு வாங்கும்போது, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டியபடி அந்த வரியைக் கீழே விழாமல் ஏந்திக்கொள்கிறார்கள். நான்கு பேரும் மூச்சை மிச்சம் வைக்காமல் செலவழித்தவர்கள். உங்கள் காது கண்டதை எல்லாம் பொறுக்கவில்லை. ஒரே பொருளை நான்கு கடையில் தேடியிருக்கிறது.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், என் காதும் அதே பொருளைத்தான் தேடுகிறது என்பது.

என் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். காருகுறிச்சி எங்களுக்கு எட்டிவிடும் தூரம். அப்பா தையற்கடை வைத்திருந்தார். அவருக்கு ஆஸ்துமா, ஊரில் இழுப்பு என்பார்கள். வேலை நேரத்தில் அவர் பாடுவது அந்த ஒரே பாட்டைத்தான். "சிங்கார" என்று தொடங்கி நிறுத்துவார். தையல் மெஷினின் மிதியும் நிற்கும். நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்கும். பிறகு "வேலனே" என்று வரும், மிதி மறுபடி ஓடத் தொடங்கும். பாட்டு அப்படித்தான் என்று நான் நம்பியிருந்தேன். கோயில் கொடையில் ஒலிபெருக்கியில் ஜானகியின் குரலை முதன்முதலாகக் கவனித்துக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த இடைவெளி அதில் இல்லை. அந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் மூச்சைத் தேடிப் போகிறது. பாடுகிறவர் எங்கே மூச்சை எடுக்கிறார், எங்கே அடக்கிவைக்கிறார், எந்தச் சொல்லில் அதைக் கொட்டித் தீர்க்கிறார் என்று பார்க்கும். ராகத்தின் பெயர்கள் இருபது வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டவை. அவை பயன்பட்டன. ஆனால் எனக்குள் வாசலைத் திறந்தது அவை இல்லை.

நாதஸ்வரத்தை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், மன்னார்குடியில் இருக்கும் உங்களுக்கு அது கடினம் இல்லை. வாசிக்கத் தொடங்குவதற்கு முந்திய பத்து நிமிடம் முக்கியம். கருவியின் கழுத்தில் நூலில் கோத்த சீவாளிகள் (வாயில் வைத்து ஊதும் துண்டுகள்) கொத்தாகத் தொங்கும், கூடவே ஓர் ஊசியும். வித்வான் ஒரு சீவாளியை எடுத்து வாயில் வைத்து ஊறவிடுவார். கருவியின் மேல்முனையில் இருக்கும் கெண்டையில் பொருத்துமுன் அதை மட்டும் ஊதிப் பார்ப்பார். குஞ்சுப் பறவை கத்துவது போல ஒரு சத்தம் வரும். பிடிக்காவிட்டால் ஊசியால் அதன் வாயைச் சற்று நெகிழ்த்துவார், இல்லாவிட்டால் அடுத்ததை எடுப்பார். கொறுக்கைத் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டு ஊறி இணங்கி வந்தால்தான் அன்றைய தோடி ராகம். சிறுவயதில் நான் வித்வானை விட ஒத்து ஊதுகிறவரையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். வாயில் நிறுத்திய காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கு புதுக் காற்றை இழுத்துக்கொள்ளும். ஒரே சுரம் மணிக்கணக்கில் அறாமல் ஓடும். யாரும் அவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை. இன்று பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெட்டிக்கு மூச்சு முட்டாது.

காருகுறிச்சியார் 1964இல் மறைந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயதுதான் இருக்கும். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அப்பா வீட்டு ரேடியோவில் கேட்டிருக்கிறார். நான் கேட்டது ஒலிநாடாவில். குருவின் வாசிப்பு வெள்ளம் மாதிரி வரும், நின்று பார்க்க மட்டும்தான் முடியும். சீடரின் வாசிப்பில் பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறது. இருவரில் யார் பெரியவர் என்று கேட்காதீர்கள். இரவில் தனியாக இருக்கும்போது நான் போடுவது சீடரை.

வடக்கே போனால் எனக்கு முதல் பெயர் இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கான். 1872இல் கைரானாவில் பிறந்தவர். அவருடைய பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத்துக்குள் அவர் அவசரப்படுவதே இல்லை. மெல்லிய குரல், ஊதினால் அணைந்துவிடும் போல இருக்கும், ஆனால் அணையாது. பின்னாளில் பெரும் பாடகரான பீம்சேன் ஜோஷி, சிறுவனாக இருந்தபோது அவருடைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் குருவைத் தேடி வீட்டை விட்டு ஓடினார். கான் நம் பக்கத்துச் சங்கீதத்தையும் காது கொடுத்துக் கேட்டவர், தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். 1937இல் சென்னையில் இருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. செங்கல்பட்டு மின்ரயிலில் அந்த நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அடுத்தவர் குமார் கந்தர்வர், அவரும் இந்துஸ்தானிப் பாடகர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

1924இல் பெல்காம் பக்கத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே மேடைகளில் பெயர் வாங்கியவர். கந்தர்வர் என்ற பட்டமே அப்படிச் சின்னப் பையனாக இருக்கும்போது கிடைத்ததுதான். இருபதுகளின் நடுவில் அவரைக் காசநோய் பிடித்தது. மால்வா பகுதியில் தேவாஸ் என்ற ஊரில் போய்ப் படுத்தார். ஆண்டுக்கணக்கில் பாடவில்லை, பாடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். மனைவி பானுமதி கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். படுக்கையில் கிடந்தபடி அவர் கேட்டதெல்லாம் அந்த ஊர் மக்கள் வாசலில் பாடிக்கொண்டு போன பாட்டுகளையும் உருவமற்ற கடவுளைப் பாடும் நிர்குண பஜன்களையும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எழுந்து மறுபடி மேடைக்கு வந்தபோது ஒரு நுரையீரல் ஏறக்குறைய பயனற்றுப் போயிருந்தது.

'தான்' எனப்படும் நீண்ட, வேகமான சுர ஓட்டங்களில் மூச்சின் வலிமையைக் காட்டுவதுதான் இந்துஸ்தானிச் சங்கீதத்தில் பெருமை. அவரிடம் அந்த மூச்சு இல்லை. அவர் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பாடினார். ஒரு சொல்லை எறிவார், நிறுத்துவார். அந்த மௌனத்தில் தம்பூரா நிறைந்து நிற்கும். அடுத்த சொல் நாம் எதிர்பார்க்காத உயரத்தில் இருந்து வரும். கபீரின் வரிகளை அவர் பாடுவதை நான் முதலில் கேட்டது முப்பத்தொரு வயதில், ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில். இரண்டாவது வரியிலேயே எங்கள் தையற்கடைக்குப் போய்விட்டேன். மிதி நின்றது, விசில் கேட்டது, மிதி ஓடியது. மொழி புரியவில்லை, யார் பாடுகிறார் என்றும் தெரியாது. அழுதுவிட்டேன். அவர் நோயின் கதையை நண்பர் பிறகுதான் சொன்னார்.

அப்பாவையும் அதைக் கேட்கவைக்க முடிந்தது. கடைசி மாதங்களில் அவரால் முணுமுணுக்கக்கூட முடியவில்லை. ஒலிநாடாவைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். பாடுகிறவர் நிறுத்தும் இடங்களில் மட்டும் அவருடைய ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் லேசாக அழுந்தியது.

வெளிநாட்டு இசையில் எனக்குத் தெரிந்தது குறைவு. அதிலும் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனை விட முடியவில்லை. 1964 டிசம்பரில் அவர் பதிவு செய்த ஒரு நீண்ட வாசிப்பின் கடைசிப் பகுதியில், தானே எழுதிய ஒரு பிரார்த்தனையை அசை அசையாகச் சாக்ஸபோனில் வாசிக்கிறார். சொல் ஒன்றுகூட வெளியே கேட்காது. ஆனால் அந்தப் பிரார்த்தனையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரி வரியாகத் தொடர்ந்து போகலாம். சாகித்தியத்தை மனதுக்குள் பாடிக்கொண்டே நாதஸ்வரம் வாசிப்பது என்று நம்மூரில் சொல்வதும் இதைத்தானே. அவர் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தது சிதார் கலைஞர் ரவிசங்கரை நினைத்து.

கேப் வெர்தே தீவுகளின் செசாரியா எவோரா இன்னொருவர். செருப்பில்லாமல் மேடையேறிப் பாடியவர். அவர் பாடும் மோர்னா பாடல்கள் ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றியவை. அந்தத் தீவுகளில் இருந்து சாவ் தோமே தீவின் கொக்கோ தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் ஏக்கம் அதில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய மண்ணில் பிறந்தவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் வரியின் முடிவில் மூச்சை இழுத்துப் பிடிப்பதில்லை, தோளில் இருந்து துண்டை எடுத்து வைப்பது போல விட்டுவிடுகிறார்.

தமிழ் ராப் பாடகர் 'அறிவு' என்பவரின் பாடல்களை என் மகள் என்னைக் கேட்கவைத்தாள். முதலில் ஒட்டவில்லை. சொற்களின் நெரிசலுக்கு நடுவே மூச்சுக்கு எங்கே இடம் ஒதுக்குகிறார் என்று கவனிக்கத் தொடங்கியதும் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய ஓபரா இன்னும் எனக்குள் இறங்கவில்லை. அதற்கு இன்னும் நேரம் தர வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. இப்போதைய பதிவுகள் பலவற்றில் பாடகரின் மூச்சொலியைத் தேடித் தேடி வெட்டி எடுத்துவிடுகிறார்கள். சுத்தமாக இருக்க வேண்டுமாம். கேளடி கண்மணி படத்தில் மூச்சு விடாமல் பாடியதாகப் பேசப்படும் சரணத்தை நான் பள்ளி நாட்களில் எத்தனையோ தடவை பாடிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். அந்த ஒரு பாட்டுக்கு அது அழகு. எல்லாப் பாட்டையும் அப்படி ஆக்கினால் பாடுகிறவருக்கு நெஞ்சு ஒன்று இருப்பதே கேட்பவனுக்கு மறந்துபோகும்.

பட்டியல் கேட்டீர்கள். மேலே இருக்கும் பெயர்கள் என் அப்பாவின் இழுப்பில் இருந்து முளைத்தவை, அவற்றை வரிசையாகக் கேட்டு நீங்கள் பழக வேண்டியதில்லை. உங்களுடையது எங்கிருந்து முளைத்தது என்று பாருங்கள். ஹனிபாவை முதலில் எங்கே கேட்டீர்கள்? கந்தூரி விழாவிலா, தேநீர்க் கடையிலா, கட்சிக் கூட்டத்திலா? பக்கத்தில் யார் இருந்தார்கள்? அதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் அதிகாரியின் மேல் வருத்தம் வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடியிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கண்ணை மூடத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள நிறைய இருக்கும். மணி ஐயரின் கச்சேரிப் பதிவு ஒன்றைத் தரச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய் இருவரும் சேர்ந்து கேளுங்கள். பாடும்போதே கற்பனையாகச் சுரங்களைக் கோக்கும் கல்பனாஸ்வரம் வரும் வரை பொறுமையாக இருங்கள். போகும்போது காருகுறிச்சியார் பதிவு ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்.