மூத்தவள் தலையில் விழும் கணக்கு

கோத்தகிரி அருகிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

நீங்கள் சிறு விவசாயிகளின் தோட்டங்களில் நாட்கூலிக்குத் தேயிலை பறிக்கிறீர்கள். உங்கள் கணவர் இலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். 12 வயதில் மகளும் 3 வயதில் மகனும் இருக்க, இன்னொன்று வேண்டும் என்று கணவரும் மாமியாரும் வற்புறுத்துவதால், இந்த வருமானத்தில் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் இலை விலையும் மளிகைக் கடனும் சீட்டுப் பணமும்தான். நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "மூத்தவள் கெட்டிக்காரி, இலை அதிகம் வரும் நாட்களில் இப்போதே பள்ளிக்குப் போகாமல் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைத்துவிடுவாள், அதனால் அந்தக் கவலை இல்லை." இந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

யாருக்கம்மா கவலை இல்லை? ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை, ஒரு கையில் தம்பியும் மறு கையில் கரண்டியுமாக அடுப்பருகே நிற்பதை, நீங்கள் குறையாகக்கூட எழுதவில்லை, பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது பிள்ளையின் செலவை யார் ஏற்பது என்று என்னிடம் கேட்கிறீர்கள், ஆனால் அதை உங்கள் மகள் தலையில் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். 6 முதல் 14 வயது வரை பள்ளிக்குச் செல்வது பிள்ளையின் உரிமை என்று 2009-இல் சட்டமே வந்துவிட்டது. அந்த உரிமையைப் பறிப்பது பெற்ற தாயாகவே இருந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஏழைகள் பிள்ளை பெறக் கூடாது என்று சொல்பவள் அல்ல நான். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் முதலில் பிறந்த பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அடுத்த பிள்ளைக்கு அவளைத் தாயாக்குவதைக் கடமை தவறுதல் என்றே சொல்வேன். அரசு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பும் இரண்டு பிள்ளைகள் இருப்பவர்களுக்கு 26 வாரத்திலிருந்து 12 வாரமாகக் குறைகிறது. இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று போகும் உங்களுக்கு அதுவும் கைக்கு வராது. ஆகவே நீங்கள் சீக்கிரமே கூடையைத் தூக்க வேண்டியிருக்கும், அன்றைக்குக் கைக்குழந்தை யார் இடுப்பில் இருக்கும் என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

அங்கன்வாடி ஒன்றரை கிலோமீட்டர் இறக்கத்தில் இருக்கிறது, மழையில் கொண்டுபோய் விட முடியவில்லை என்கிறீர்கள். வண்டி ஓட்டுகிற தகப்பன் எதற்கு இருக்கிறார்? காலையில் மகனை அங்கே இறக்கிவிட்டுப் போவது அவர் வேலை. மதியச் சாப்பாடும் முட்டையும் அங்கே கிடைக்கும்.

முடிவெடுக்கும்வரை கரு தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். போதும் என்று முடிவெடுத்தால், தையல் இல்லாத ஆண் கருத்தடை உங்களுக்குச் செய்யும் அறுவையைவிட எளிது. இன்னொன்று வேண்டும் என்று கேட்பவரே அதைப் பற்றியும் பேசட்டும்.

வரும் திங்கட்கிழமை ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று மகளின் வகுப்பாசிரியரைப் பாருங்கள். இந்த ஆண்டில் எத்தனை நாள் அவள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் எண்ணி, அந்த எண்ணைக் கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லுங்கள். மூன்றாவது பிள்ளையைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.