பிறப்பில் மூச்சுத்திணறல், ஆறு வயதில் மறதி

வணக்கம். பிறந்தவுடன் அழாததால் 72 மணி நேரம் குளிரூட்டும் சிகிச்சை பெற்ற தங்கள் மகன், ஆறு வயதில் நன்றாகப் பேசினாலும், வகுப்பில் சொன்னதை உடனே மறந்துவிடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது, நரம்பணுக்கள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறித் தேங்கி, நரம்பணுக்களுக்குள் கால்சியத்தைப் பாயவிடுகிறது. அந்தச் சேதம் சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலையாகவும் எழுவதால்தான், பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை 33–34 டிகிரி செல்சியஸுக்கு இறக்கத் தொடங்குகிறார்கள். நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் இதில் எளிதில் பாதிக்கப்படும் மூளைப் பகுதி. ஆகவே, ‘பையை எடு, பாட்டிலை வை, செருப்பைப் போடு’ என்றால் அவன் முதலாவதை மட்டும் செய்வதைப் பிடிவாதம் என்று ஆசிரியர் கருதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறந்தபோது எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையுடன் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, நினைவாற்றலையும் கவனத்தையும் தனித்தனியே சோதிக்கக் கேளுங்கள், வெறும் ஐ.க்யூ. மதிப்பெண் இக்குறையை மறைத்துவிடக்கூடும்.