சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரம் ஒரு கணக்கு, நேரம் வேறு கணக்கு

உட்லண்ட்ஸ் வாசகர் ஒருவர், நியூயார்க்கில் படிக்கும் மகளைப் பார்க்கத் தம் வயதான தாயாருடன் ஜூன் மாதம் செல்லவிருக்கிறார். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 17 மணி நேரம்தானே ஆக வேண்டும், பயணச்சீட்டில் ஏன் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது என்று கேட்கிறார்.

சீட்டில் உள்ள நேரத்தையே நம்புங்கள். 15,300 என்பது உலக உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய கோட்டின் நீளம். சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், நியூயார்க் 74 பாகை மேற்கிலும் இருப்பதால், இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட அரைவட்ட இடைவெளி உள்ளது; ஆகவே அந்தக் கோடு வடதுருவத்தை ஒட்டியே செல்லும். விமானங்கள் பெரும்பாலும் அவ்வழியே செல்வதில்லை. பசிபிக் பெருங்கடலின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுமானால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போனாலும் எரிபொருளும் நேரமும் மிச்சமாகும். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் பாதையும் மாறுகிறது. திரும்பும்போது விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து வந்தாலும் வியப்பில்லை. இவை போக, சீட்டில் உள்ள நேரம் சாங்கி விமான நிலையத்தில் விமானம் வாயிலை விட்டு நகர்வது முதல் அங்கே வாயிலில் நிற்பது வரையிலான கணக்காகும்.

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேரடியாகக் கழித்துப் பார்க்க வேண்டாம். அவை அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி தரப்பட்டவை. கோடையில் நியூயார்க் நம்மைவிட 12 மணி நேரமும், நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஜூன் மாதத்தில் இங்கே நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு, பதினெட்டரை மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 6.30 மணிக்கு இறங்குவீர்கள்.

கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இடைநில்லாச் சேவைக்குப் பயன்படுத்தும் ஏ350-900 யூஎல்ஆர் என்ற மிக நெடுந்தூர ஏர்பஸ் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. கட்டணம் கூடிய பிசினஸ், பிரீமியம் எகானமி ஆகியவை மட்டுமே உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் செல்லும் சேவையில் எகானமி உள்ளது. மொத்தப் பயணம் ஒரு முழு நாளை நெருங்கினாலும், இடையில் தரையில் எழுந்து நடக்க முடிவது வயதானவர்களுக்கு நல்லது என்பதால், தாயாருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். கால் வீக்கம், இரத்த உறைவு போன்ற தொல்லைகள் இருந்தால், சீட்டு வாங்குமுன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

திரும்பும் தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஞாயிறு இரவு 10 மணிக்கு நியூயார்க்கிலிருந்து இடைநில்லா விமானத்தில் கிளம்பினால், சாங்கிக்கு வந்து சேரும்போது செவ்வாய் அதிகாலையாகிவிடும். திங்கட்கிழமைக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.