வருபொருள் உரைத்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கத்தில், கடற்கரை. என் தங்கச்சி ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாள். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அங்கே போகிறோம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'பறக்கும் டச்சுக்காரன்' ஓபராவுக்கு டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொல்கிறாள். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. பங்குத் திருவிழா நாடகம் தவிர மேடையில் அவர்கள் எதையும் பார்த்ததில்லை. நம்மிடம் இந்த மாதிரிக் கலை இல்லாததால் ஒன்றும் புரியாமல் தூங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன உடை போடவேண்டும்? கொஞ்சம் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கலாமா? கதையை முடிவு தெரியாமல் பாதிவரை சொல்லிக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறேன், சரிதானா? பேய்க்கப்பல் கதையாம். மகனின் பெரியப்பா ஒக்கிப் புயலில் போனவர், இன்னும் வரவில்லை. அதனால் ஒரு தயக்கமும் உண்டு.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெர்மன் வேண்டாம். மேடைக்கு மேலே ஒரு பலகையில் வரிகள் ஓடும். ஜெர்மனில் ஓடும், பல அரங்குகளில் கூடவே ஆங்கிலத்திலும். எட்டு வயதுப் பிள்ளை அண்ணாந்து ஒரு வரியைக் கூட்டி வாசித்துவிட்டுக் கீழே பார்ப்பதற்குள் மேடையில் ஆள் மாறியிருக்கும். வாசிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குக் கதை முழுக்கத் தெரிந்திருக்கவேண்டும். முடிவும் தெரிந்திருக்கவேண்டும்.

முடிவை ஒளித்துவைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது உங்களுக்கு? சினிமா டிரெய்லரிலிருந்து வந்திருக்கும். கூடவே 'நம்மிடம் இந்த மாதிரிக் கலை இல்லை' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு! கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை எங்காவது ஒரு கோயில் முற்றத்தில் விடியவிடிய வில்லுப்பாட்டில் கதை பாடிக்கொண்டிருக்கிறார்கள். வில், வீசுகோல், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை. பாட்டுத் தலைவரான அண்ணாவி பாட, பக்கப்பாட்டுக்காரர் ஆமா போட, ஒரு கதை இராத்திரி முழுக்க ஓடுகிறது. உங்கள் பங்கில் தேவசகாயம் பிள்ளை நாடகம் போட்டிருப்பார்களே, அதிலும் ஆட்கள் பேசவேண்டியதைப் பாடத்தானே செய்கிறார்கள்? பேசவேண்டியதைப் பாடினால் அது ஓபரா. அதற்கு மேல் பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாம்.

வில்லுப்பாட்டின் வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் காப்பு, அதாவது கடவுள் வணக்கம். அடுத்து வருபொருள் உரைத்தல், அதாவது இன்று என்ன கதை வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. அதன்பிறகு குருவடி, அவையடக்கம், நாட்டு வளம். பிறகுதான் கதை. கடைசியில் வாழி. கொலையுண்டு பேயான நீலியின் கதையைப் பாட உட்காரும்போதே, நீலி பழிவாங்குவாள், வாக்குக் கொடுத்த பழையனூர் வேளாளர் எழுபது பேரும் தீயில் இறங்குவார்கள் என்று கூட்டத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் எழுந்து போவதில்லை. என்ன நடக்கும் என்பதல்ல அங்கே கேள்வி. அந்த இடத்தை இவர் எப்படிப் பாடுவார், உடுக்கை எப்போது முறுகும், வேகம் எங்கே ஏறும் என்று காத்திருக்கிறார்கள். முடிவு தெரியாத பிள்ளை முடிவையே தேடிக்கொண்டிருக்கும், பாட்டு அதன் காதில் ஏறாது. முடிவு தெரிந்த பிள்ளைக்குப் பாட்டைக் கேட்க நேரம் கிடைக்கும்.

வாக்னரும் இதையேதான் செய்திருக்கிறார். திரை விலகுவதற்கு முன் பத்து நிமிடத்துக்கு மேல் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும். அந்த முன்னிசையில் புயல் வரும், டச்சுக்காரனின் கொம்பிசை வரும், அவனை மீட்கப்போகும் பெண்ணின் பாட்டு வரும், மாலுமிகளின் கூட்டுப்பாட்டும் வரும். மூன்று அங்கத்தையும் அங்கேயே சொல்லிமுடித்துவிடுகிறார். போதாதென்று இரண்டாம் அங்கத்தில் சென்டா என்ற அந்தப் பெண்ணே எழுந்து டச்சுக்காரன் கதையை ஆதியிலிருந்து கதைப்பாட்டாகப் பாடுகிறாள். 1843 ஜனவரி 2 அன்று டிரெஸ்டனில் முதலில் மேடையேறியபோதும் அந்தக் கடற்கதை அங்கே பலர் கேட்டிருந்ததுதான். ஒளித்துவைக்க அவருக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு மட்டும் ஏன்?

ஆகவே மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

முதல் வாரம் கதை மட்டும், இசையே வேண்டாம். புயலில் ஒரு முனையைச் சுற்றிவர முடியாத டச்சுக் கப்பல்தலைவன், ஊழிக்காலம் ஆனாலும் விடமாட்டேன் என்று ஆணையிடுகிறான். சாத்தான் அதைக் கேட்டுவிடுகிறான். அன்று முதல் கப்பலுக்குக் கரையில்லை, ஆளுக்குச் சாவில்லை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கரையேறலாம். சாகும்வரை உண்மையாக இருக்கும் ஒரு பெண் கிடைத்தால் விடுதலை. நார்வே கரையில் டாலண்ட் என்ற கப்பல்தலைவன், டச்சுக்காரனின் பெட்டியில் இருக்கும் பொன்னைப் பார்த்துவிட்டு மகளைக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான். அந்த மகள்தான் சென்டா. அவளை விரும்பும் வேட்டைக்காரன் எரிக் கெஞ்சுவதைக் கேட்ட டச்சுக்காரன், இவளும் ஏமாற்றிவிட்டாள் என்று கப்பலேறுகிறான். அவள் பாறையிலிருந்து கடலில் குதிக்கிறாள். கப்பல் மூழ்குகிறது. சாபம் தீர்கிறது. இவ்வளவுதான். மகனை மகளுக்குச் சொல்ல வையுங்கள். எங்கே தடுமாறுகிறானோ அங்கே மறுபடி நீங்கள் சொல்லவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புலியூர்க்குறிச்சிக்குப் போய் உதயகிரிக் கோட்டையைக் காட்டிவிட்டு வாருங்கள். டச்சுக்காரன் என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு அன்னியன் இல்லை. 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையை நடத்தி, 1777இல் இறந்து, அங்கேதான் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கும். ஓபராவின் டச்சுக்காரன் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மகன் அங்கே போய் டிலனாயைத் தேடுவான்.

இரண்டாம் வாரம் இசை. நான்கு துண்டு போதும்: டச்சுக்காரனின் கொம்பு, சென்டாவின் கதைப்பாட்டு, பெண்கள் ராட்டு சுற்றிப் பாடுவது, மாலுமிகள் காலை உதைத்துப் பாடுவது. தினம் ஒன்றை இரண்டு தடவை. ராட்டுப்பாட்டுக்குக் கயிறு திரிக்கிற ராட்டை நினைவுபடுத்துங்கள், அந்தச் சுழற்சி வயலின்களில் கேட்கும். மாலுமிப் பாட்டுக்குக் கரையிலிருந்து கரமடி வலையை வலிக்கும்போது போடும் ஏலேலோ போதும். வாக்னர் 1839இல் புயலில் மாட்டி நார்வேக் கரையில் ஒதுங்கியபோது மாலுமிகளின் கூவல் பாறைகளில் மோதித் திரும்பியதே இந்தப் பாட்டின் தாளத்துக்கு வித்து என்று அவரே எழுதியிருக்கிறார்.

தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக்காட்டாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரலும் பெரிய வாத்தியங்களும் அடிபட்டுப்போய் உச்சஸ்தாயி மட்டும் மிஞ்சும். பிள்ளைகளுக்கு அது கீச்சல். முதல் நாளே சிரித்துவிடுவார்கள். அப்படி ஒருமுறை சிரித்த இடத்தில் அரங்கிலும் சிரிப்பு வரும். வீட்டில் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் நல்ல ஹெட்ஃபோனில் கேட்கட்டும்.

இன்னொன்று, அங்கே மைக் கிடையாது. நம் பிள்ளைகள் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் வளர்ந்தவர்கள். முதல் பத்து நிமிடம், 'சத்தமே இல்லையே' என்பார்கள். காது பழகப் பத்து நிமிடம் ஆகும் என்று முன்பே சொல்லுங்கள். அத்தனை வாத்தியத்தைத் தாண்டி ஒரு குரல் எப்படி வருகிறது என்று மகன் கேட்டால், வாத்தியங்களின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கம், பழக்கிய ஆண்குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை உண்டு, வாத்தியம் மெலிந்திருக்கும் அந்த இடைவெளியில் குரல் நுழைந்து வருகிறது என்று சொல்லலாம். பன்னிரண்டு வயதுக்கு இது விளங்கும்.

மூன்றாம் வாரம், பிள்ளைகள் கைவிட்டுப்போகும் இடங்கள். இரண்டு உண்டு. முதல் அங்கத்தில் தென்காற்றைக் கூப்பிட்டுப் பாடும் சுக்கானி தூங்கிப்போக, சிவப்புப் பாய்க் கப்பல் வந்து நிற்கும். டச்சுக்காரன் இறங்கி, தனியாக நின்று பத்து நிமிடத்துக்கு மேல் பாடுவான். இரண்டாம் அங்கத்தில் அவனும் சென்டாவும் ஒருவரையொருவர் பார்த்து நின்றபடியே அதைவிட நீளமாகப் பாடுவார்கள். ஒன்றும் அசையாது. பெரியவர்களே நெளியும் இடம். அண்ணாவி வசனத்தில் கதையை ஓட்டிவிட்டு ஓரிடத்தில் நிறுத்தி விருத்தம் பாடுவாரே, அதுதான் இது என்று சொல்லுங்கள். இங்கே கதை நிற்கும், மனசு மட்டும் பாடும் என்று தெரிந்தால், 'எப்போது முடியும்' என்று மகள் உங்கள் கையைச் சுரண்டமாட்டாள்.

அரங்கின் இணையதளத்தில் அந்த நாடகத்தின் படங்கள் இருக்கும், கட்டாயம் பாருங்கள். இப்போதைய இயக்குநர்கள் பலர் கப்பலையே காட்டுவதில்லை, ராட்டும் இராது. சிவப்புப் பாய்க்கு ஆசைப்பட்டுப் போன பிள்ளைக்கு முன்னால் கோட்டு போட்ட ஆள் ஒரு காலி அறையில் வந்து நின்றால் அதற்கு அழுகை வரும்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரி. 'இன்னும் வரவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 2017 நவம்பர் 30க்குப் பிறகு உங்கள் கரையில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சொல்தான் புழங்குகிறது. அதை யாரும் திருத்தவேண்டியதில்லை. ஆனால் கரையும் சேராமல் சாகவும் முடியாமல் ஒரு கப்பல் ஆட்கள் கடலில் கிடக்கிறார்கள் என்பதை மகன் முதன்முதலாக ஓர் இருட்டு அரங்கில், யாரோ ஒருவன் பாடக் கேட்கக்கூடாது. வீட்டில், வெளிச்சத்தில், உங்கள் வாயால் கேட்கவேண்டும். முடிவைச் சொல்லிவிடுங்கள் என்று இவ்வளவு மல்லுக்கு நிற்பது அதற்காகத்தான். முக்கியமாக மூன்றாம் அங்கம். நார்வே மாலுமிகள் குடித்துக் கும்மாளமிட்டு, பக்கத்தில் மூச்சில்லாமல் நிற்கும் கப்பலைக் கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். அந்தக் கப்பலைச் சுற்றி மட்டும் கடல் எழும். உள்ளேயிருந்து அந்தச் சாவில்லாதவர்கள் பாடுவார்கள். கேலி செய்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பாட்டை மட்டும் முன்பே இரண்டு மூன்று முறை கேட்கவிடுங்கள். பெரியப்பாவைப் பற்றி அவன் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கிளறாதீர்கள். அவர்கள் சாபம் வாங்கியவர்கள், பெரியப்பா வேலைக்குப் போனவர். இந்த வித்தியாசத்தை மட்டும் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று அவன் சொன்னால் டிக்கெட் எடுக்கவேண்டாம்.

மகளிடம் சென்டாவைப் பத்தினி என்று புகழாதீர்கள். ஒருத்தனுக்காகக் கடலில் குதிப்பது பெருமை என்று எட்டு வயதில் படியக்கூடாது. பழைய கதை, அதில் அவள் குதிக்கிறாள், அவ்வளவுதான். குதிப்பவர் விழும் இடத்தில் மெத்தை இருக்கும். திரை விழுந்த பிறகு எல்லாரும் கைகோத்து வந்து கும்பிடுவார்கள், அதன் வீடியோ ஒன்றைக் கதை சொல்லும் முன்பே காட்டிவிடுங்கள்.

மொத்தம் இரண்டே கால் மணி நேரம், சற்றுக் கூடலாம். சில அரங்குகளில் இடைவேளையே இல்லாமல் ஆடுவார்கள், எழுந்து வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். தங்கச்சி டிக்கெட் எடுக்கும் முன் இதைக் கேட்கட்டும். இடைவேளை இல்லை என்றால் மகளை அழைத்துப் போகாதீர்கள். இருக்கிறது என்றால், ஓரத்து இருக்கை. கீழ்த்தளத்தைவிட மாடியின் முதல் வரிசை நல்லது, அங்கே முன்னால் தலை மறைக்காது. மதியம் தூங்கவையுங்கள். உள்ளே போகும் முன் கழிப்பறை. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மிட்டாய் கூடவே கூடாது, அந்தச் சரசரப்பு மூன்று வரிசைக்குக் கேட்கும்.

உடையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருந்தீர்கள் போல. துவைத்த சட்டை போதும். மகளின் செருப்பில் விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.