கேள்வி-பதில்: புதிய தலைமுறைக் காதுக் கருவி வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான், வயது 69. எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் புரிகிறது. கல்யாண மண்டபத்திலும் சந்தையிலும் பேச்சொலி காதில் விழுகிறதே தவிர, என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடுவதில்லை. கோயம்புத்தூரில் ஒரு கடையில் ‘ஏஐ’ (செயற்கை நுண்ணறிவு) காதுக் கருவி என்று ஒரு காதுக்கு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் சொல்கிறார்கள். மூளையின் கவனத்தை அறிந்து செயல்படும் கருவியே ஆராய்ச்சியில் இருப்பதால் இரண்டு வருடம் பொறுக்கும்படி மகன் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. உங்கள் மகன் சொல்லும் ஆராய்ச்சி உண்மையானதுதான். இருவர் ஒரே நேரத்தில் பேசும்போது கேட்பவர் யாரைக் கவனிக்கிறார் என்பதை மூளையின் மின்சமிக்ஞைகளிலிருந்து கண்டறிய முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் நிமா மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும் 2012-இல் காட்டினார்கள். ஆனால் அந்தச் சமிக்ஞைகள், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டிருந்தவர்களிடம் பதிவு செய்யப்பட்டவை. காதுத் துவாரத்திலிருந்தே அதைப் பெற முயலும் ஆய்வுகளில் கிடைக்கும் சமிக்ஞை மிகவும் மெலிந்தது. இரண்டு வருடத்தில் அது கடைக்கு வந்துவிடும் என்று நம்பி நாளைக் கடத்துவது சரியாகாது. கேட்காமலே இருந்து பழகும் காலம் நீள நீள, பிற்பாடு கருவி போட்டாலும் ஒலிக்குப் பழகுவது கடினமாகும். காதுக் கருவி நினைவாற்றல் சரிவைக் குறைக்குமா என்று, கேள்குறையுள்ள 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை அமெரிக்காவில் மூன்றாண்டுகள் கவனித்து 2023-இல் வெளியான ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவியால் நினைவாற்றலில் வேறுபாடு தெரியவில்லை. நினைவுக் குறைவுக்கான ஆபத்து கூடுதலாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவானது.

இனி ‘ஏஐ’ என்ற சொல்லுக்கு வருவோம், ஏனெனில் உங்கள் பணம் பெரும்பாலும் அதற்குத்தான் போகிறது. வயதினால் வரும் கேள்குறை பொதுவாக உயர்ந்த அதிர்வெண்களில், அதாவது கீச்சென்ற ஒலிகளில், தொடங்குகிறது. உயிரோசை காதில் விழும். மெய்யோசையின் நுணுக்கம் தவறிவிடும். ‘சட்டம்’, ‘பட்டம்’, ‘கட்டம்’ மூன்றும் ஒன்றுபோல் ஒலிப்பது அதனால்தான். பழைய டிஜிட்டல் கருவிகள் மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்ற ஒரே சீரான இரைச்சலை ஓரளவு குறைத்தன. சுற்றிலும் பத்துப் பேர் பேசும்போது, அந்த இரைச்சலும் பேச்சாகவே இருப்பதால், தடுமாறின. அந்த இடத்தில்தான் உண்மையான முன்னேற்றம் வந்திருக்கிறது. 1 கோடியே 20 லட்சம் ஒலிக்காட்சிகளை, அதாவது பல சூழல்களின் ஒலிப்பதிவுகளை, கொண்டு பயிற்றுவித்த நரம்பியல் வலையுடன் (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) ஓட்டிகான் நிறுவனம் 2021-இல் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. பேச்சை இரைச்சலிலிருந்து பிரிப்பதற்கென்றே தனிச் சில்லு (சிப்) வைத்த கருவியை ஃபோனாக் நிறுவனம் 2024-இல் வெளியிட்டது. சில மில்லிவினாடிகளுக்குள் கணக்கு முடியாவிட்டால் நம் குரலே நமக்கு எதிரொலிபோலக் கேட்கும். பேட்டரியோ மிகச் சிறியது. இவ்விரண்டுக்கும் நடுவே இதைச் செய்து முடித்தது பாராட்டத்தக்கது.

ஆனால் ‘ஏஐ’ என்று அச்சிட்ட எல்லாப் பெட்டிக்குள்ளும் இது இருப்பதில்லை. பல கருவிகள் ‘இது உணவகம், இது வீதி’ என்று சூழலை ஊகித்து, அதற்கென்று முன்பே பதித்துவைத்த ஒலி அமைப்பை (புரோகிராம்) மாற்றுவதோடு நின்றுவிடுகின்றன. ஆகவே கடையில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பேச்சையும் இரைச்சலையும் பிரித்தெடுக்கும் நரம்பியல் வலை இந்த மாடலில் உண்டா, அல்லது சூழலுக்கேற்பப் புரோகிராம் மாறுவது மட்டுமா? பதிலை மாடல் பெயருடன் எழுதி வாங்குங்கள்.

மாடலைவிட முக்கியமானது பொருத்துதல் என்பது என் உறுதியான கருத்து. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அழுக்கு அடைப்பாகவோ நடுச்செவிக் கோளாறாகவோ இருந்தால் அதற்கான சிகிச்சையே முதலில் தேவை. பிறகு இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) செல்லுங்கள். கருவியைக் காதில் மாட்டியபின், மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே நுழைத்து, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்கும் சோதனை உண்டு. அதைச் செய்யாமல், கணினி காட்டும் அளவை அப்படியே ஏற்றிவிடும் இடத்தில் வாங்காதீர்கள். உங்கள் பகுதிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்யும் பேச்சுச் சோதனை பாலக்காட்டில் மலையாளச் சொற்பட்டியலில் நடக்கக்கூடும். உங்கள் தாய்மொழி தமிழென்றால் தமிழ்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் மொழிப் பழக்கக் குறைவு காதின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும்.

கம்பியில்லாமல் ஒலியைக் கருவிக்கு அனுப்பும் புதிய முறையான புளூடூத் எல்இ ஆடியோ வசதி இருந்தால் நல்லது. பொது இடங்களின் ஒலிபரப்பை நேரே காதில் பெறும் ஆராகாஸ்ட் முறை அதன்மேல்தான் இயங்குகிறது. இப்போது அதற்கென்று தனியாக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முழுத் தொகையையும் கட்டுவதற்கு முன், சில வாரங்கள் வீட்டிலும் மண்டபத்திலும் போட்டுப் பார்க்கும் அவகாசத்தையும், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். காதுக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் அந்த வரி இருந்தால் காரணம் கேளுங்கள். கருவியின் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். கடை கோயம்புத்தூரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நீங்கள் பாலக்காட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைப் பில்லுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.